மணலிக்கரை மடத்து ஏடுகள்

திருவனந்தபுரத்தில் பணி நிமித்தம் குடியேறிய தமிழராகிய நாம், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் தக்கலையைக் கடந்தே நாகர்கோவிலை அடைகிறோம். பத்மநாபபுரம் அரண்மனையைத் தம் மக்களுக்குக் காட்டாத பெற்றோர் நம்முள் இரார். அதற்கு அணித்தேயுள்ள மணலிக்கரை மடத்தைப் பற்றிச் சொல்வோர் மிகச் சிலரே. வடமொழி நாடக வரலாற்றைத் திருத்தி எழுதச் செய்த ஏட்டுக்கட்டு அம்மடத்தில்தான் இருந்தது.

பாசன் என்னும் நாடகப் புலவனைக் காளிதாசனே போற்றிக் குறித்துள்ளான். ஆயினும், அப்புலவனின் பெயரும் பிறர் எடுத்தாண்ட சில அடிகளுமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அறிஞர்க்குத் தெரிந்திருந்தன.

திருநெல்வேலிச் சீமைத் தருவையில் 1860-இல் பிறந்தவர் த. கணபதி சாஸ்திரியார். திருவிதாங்கூர் அரசின் வடமொழி நூல்வரிசைக்குப் பதிப்பாசிரியராய் இருந்த அவர், 1909-ஆம் ஆண்டளவில் சுவடி தேடி இம்மடத்தை அடைந்தார். மலையாள எழுத்தில் அமைந்த 105 ஏடுகள் கிடைத்தன. சொப்பனவாசவதத்தம் உள்ளிட்ட பத்து நாடகங்கள் முழுமையாகவும், ஒன்று குறையாகவும் அவற்றில் இருந்தன. பின்னர் வேறிடத்துக் கிடைத்த இரண்டும் சேரப் பதின்மூன்றாயின. 1912 முதல் அச்சேறின.

ஏடுகளில் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. ஆதலின் அனைத்தும் பாசனுடையனவோ என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கைப் புலவர்க்கு விட்டுவிடுவோம். இவை எங்ஙனம் பிழைத்தன என்பதே நமக்கு வியப்பளிக்கிறது.

அக்கட்டு 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனச் சாஸ்திரியார் கணித்தார். நாடகங்களோ அதனினும் பல நூற்றாண்டு மூத்தவை. இந்நாட்டு ஈரக்காற்றில் பனையோலை நெடுங்காலம் நில்லாது; பூச்சி வேறு துளைக்கும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் படியெடுத்திருத்தல் வேண்டும். இந்நாடகங்களுட் சிலவற்றின் அங்கங்களைச் சாக்கியர் கூடியாட்டத்தில் நடித்து வந்தமையால், ஏட்டுக்குத் தேவையும் இருந்தது. தீயிலிட்டும் சொப்பனவாசவதத்தம் வேகவில்லை என்பது பழங்கதை. தீயினும் கொடியது பூச்சி. அதனின்று காத்தவன் பெயர் தெரியாத படியெழுத்தாளன். கோப்புகளிடையே நாள் கழிக்கும் நமக்கு, நகல் எடுப்பவன் பெயர் எங்கும் வாராமை புதிதன்று!

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் உள்ளது. தமிழ் ஏடுகளும் அங்குண்டு. நம் ஊர் வீட்டுப் பரண்களிலும் ஓரிரு கட்டுகள் கிடக்கலாம். ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்ட காலம் போதும். கண்டெடுத்தால் நாமே அவிழ்க்க முயலாது, சுவடி கையாளத் தெரிந்தவரிடம் கொண்டு காட்டுவோம். வறண்ட ஓலை, பிரிக்கும்போதே முறிந்துவிடும்.