சீனக்குடா ஓடுபாதையும் வாடகை விமானங்களும்

திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையில் அமைந்துள்ள சீனக்குடா விமானத்தளத்துக்கு ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமான ஓடுபாதை உண்டு. பிரித்தானியர் அமைத்த தளம் அது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது இத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1957 இல் பிரித்தானியர் தமது தளங்களைக் கையளித்துச் சென்ற பின்னர் இது இலங்கை விமானப்படையின் வசமாயிற்று. அப்படையின் பயிற்சிக் கலாசாலை இன்றும் அங்கேயே இயங்குகிறது. சிறிய உள்நாட்டு விமானங்கள் சிலவும் அங்கு வந்து போகின்றன.

இத்தளத்தைச் சர்வதேச விமான நிலையமாக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதும் அடங்குவதுமாக இருந்து வருகிறது. ஐரோப்பாவிலிருந்து குறைந்த கட்டண வாடகை விமானங்கள் நேரே வந்திறங்கினால் நிலாவெளியும் உப்புவெளியும் குச்சவெளியும் செழித்துவிடும் என்பதே அப்பேச்சின் சாரம். செழிக்கலாம். ஆனால் அந்த விமானங்கள் எவ்வாறு இயங்குகின்றன, எந்த மாதங்களில் பறக்கின்றன, எப்போது நின்று போகின்றன என்பவற்றை அறியாமல் அந்த நம்பிக்கையை எடை போட முடியாது.

‘சார்ட்டர்’ எனப்படும் வாடகை விமானத்தின் தத்துவம் நம்மவர்க்குப் புதியதன்று. கதிர்காமத்துக்கோ மடுவுக்கோ செல்ல ஊரார் சேர்ந்து ஒரு பஸ்ஸை முழுமையாக வாடகைக்குப் பிடிப்பதில்லையா? ஹஜ் காலத்தில் உலகின் பல நாடுகளிலிருந்து ஜித்தாவுக்குப் பறக்கும் சிறப்பு விமானங்களும் பெரும்பாலும் இவ்வகையினவே. பயண நிறுவனம் ஒன்று விமானத்தின் எல்லா ஆசனங்களையும் மொத்தமாக வாங்கி, ஹோட்டல் அறை, உணவு, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கான போக்குவரத்து அனைத்தையும் ஒரே பொதியாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறது. ஒரு தொகுதிப் பயணிகளை இறக்கிவிட்டு, விடுமுறை முடிந்த முந்திய தொகுதியினரை ஏற்றிக்கொண்டு அதே விமானம் திரும்புகிறது. பருவத்தின் முதல் விமானம் வெறுமையாகத் திரும்பும். இறுதி விமானம் வெறுமையாக வரும். இடைப்பட்ட பயணங்கள் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது ஆசனங்களாவது நிரம்பினால்தான் அந்த மலிவு விலை கட்டுப்படியாகும்.

இவ்வியாபாரத்தின் தொடக்கம் 1950 மே மாதம் எனலாம். விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் தமது ஹொரைசன் நிறுவனத்தின் சார்பில், இலண்டனிலிருந்து கோர்சிகா தீவின் கல்வி என்னும் ஊருக்கு ஒரு டகோட்டா விமானத்தில் விடுமுறைப் பயணிகளை அழைத்துச் சென்றார். ஸ்பெயினின் கடற்கரைகள் பின்னர் இவ்விதமே நிரம்பின. நெடுந்தூரப் பயணத்துக்கு இம்முறையை விரித்தவர்களுள் ஜேர்மனியின் கொண்டோர் நிறுவனம் முதன்மையானது. 1960களின் நடுப்பகுதியிலேயே அது தாய்லாந்துக்கும் கென்யாவுக்கும் இலங்கைக்கும் பறக்கத் தொடங்கியது. 1971 இல் போயிங் 747 ரக விமானத்தைச் சேவையில் இட்ட முதல் விடுமுறை விமான நிறுவனமும் அதுவே.

இலங்கையில் 1966 இல் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு வந்த பயணிகள் 18,969 பேர். 1982 இல் அத்தொகை 407,230 ஆக உயர்ந்தது. பதினாறு ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வளர்ச்சியில் மேற்கு ஐரோப்பிய வாடகை விமானங்களுக்குக் கணிசமான பங்கு உண்டு. அக்காலத்தில் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டத்தில் கிழக்குக் கரையும் தனியொரு வலயமாக இடம்பெற்றது. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் ஹோட்டல்கள் எழுந்தன. 1983 ஜூலைக்குப் பின்னர் அவை வெறிச்சோடின. அதற்குப் பிந்திய கதையை இம்மாவட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் யுத்தத்தை மட்டும் காரணமாகக் கூறிவிட்டால் முக்கியமான ஓர் உண்மை மறைந்துவிடும். அது காற்றைப் பற்றியது. ஐரோப்பியரின் நெடுந்தூர வாடகை விமானங்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்காலமே பருவம். பனியிலிருந்து தப்பி வெயிலைத் தேடி வருபவர்கள் அவர்கள். அம்மாதங்களில் ஹிக்கடுவவிலும் பெந்தோட்டையிலும் கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலையிலோ வாடைக்காற்று வீசி, ஆண்டின் பெருமழை கொட்டி, கடல் கொந்தளிக்கும் காலம் அது. கச்சான் வீசத் தொடங்கி, நிலாவெளிக் கடல் கண்ணாடி போலாகி, நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் தென்படும் மே முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில் ஐரோப்பியனுக்கு வீட்டு வாசலிலேயே கோடை. அவன் இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ துருக்கிக்கோ போய்விடுகிறான். பத்து மணி நேரம் பறந்து வர அவனுக்கு வலுவான காரணம் வேண்டும். நமது பருவமும் வாடகை விமானத்தின் பருவமும் முதுகுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. ஓடுபாதையை எத்தனை மீற்றர் நீட்டினாலும் இது மாறாது. (கிழக்குக் கரை பற்றிய திட்ட அறிக்கைகள் பலவற்றில் இந்த ஒரு விடயம் ஓரிரு வரிகளில் கடந்து போகப்படுவது வியப்புக்குரியது.)

அடுத்தது, இவ்விமானங்களை நம்பியிருப்பதிலுள்ள ஆபத்து. 1974 ஆகஸ்டில் பிரித்தானியாவின் கோர்ட் லைன் நிறுவனம் முறிந்தபோது பல்லாயிரம் பயணிகள் வெளிநாடுகளில் சிக்கினர். அதனோடு முடியவில்லை, கரீபியன் தீவுகளின் லியாட் விமான சேவையில் அந்நிறுவனம் பெரும்பங்கு வைத்திருந்ததால், அதைக் காப்பாற்றும் சுமை சின்னஞ்சிறு தீவு அரசுகளின் தலையில் விழுந்தது. 2017 இல் மொனார்க் நிறுவனமும், 2019 செப்டெம்பர் 23 ஆம் திகதி தோமஸ் குக் நிறுவனமும் வீழ்ந்தன. தோமஸ் குக் வீழ்ந்த அன்று ஏறத்தாழ 600,000 பயணிகள் உலகெங்கும் விடுமுறையில் இருந்தனர்.

இவ்விடயத்தில் நாம் உற்றுநோக்க வேண்டிய நாடு மேற்கு ஆபிரிக்காவின் கம்பியா. முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட அச்சிறிய நாட்டுக்கு 1965 இல் சுவீடன் நாட்டுப் பயண நிறுவனமொன்று வாடகை விமானப் பயணிகளை முதன்முதலில் அழைத்து வந்தது. நிலக்கடலைக்கு அடுத்தபடி உல்லாசப் பயணமே அதன் வருமானம் என்ற நிலை உருவாயிற்று. 1994 இல் அங்கு இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகம் விடுத்த பயண எச்சரிக்கையோடு விமானங்கள் நின்றன, ஹோட்டல்கள் மூடப்பட்டன, அந்தப் பருவமே பாழாயிற்று. தோமஸ் குக் வீழ்ந்தபோதும் கம்பியா மீண்டும் அதே அடியை வாங்கியது. வழமையான விமான நிறுவனம் ஒரு நாட்டில் கலவரம் என்றால் சேவையைக் குறைக்கும். வாடகை விமானத்துக்கோ அந்த நாட்டோடு எந்த உறவும் இல்லை. அடுத்த வாரமே அது வேறொரு கடற்கரைக்குத் திரும்பிவிடும். 2001 ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்க தாக்கப்பட்டு யுத்த அபாயக் காப்புறுதிக் கட்டணம் விதிக்கப்பட்டபோது நாமும் இதைக் கண்டோம்.

பணம் எங்கே தங்குகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பயணி தன் முழுப்பணத்தையும் பிராங்பேர்ட்டிலோ மொஸ்கோவிலோ செலுத்திவிடுகிறான். ஆசனத்தின் விலையும் முகவரின் தரகும் அங்கேயே நின்றுவிட, ஹோட்டலுக்கு ஒப்பந்த விலை மட்டும் வந்து சேர்கிறது. மூன்று வேளை உணவும் ஹோட்டலுக்குள்ளேயே என்றால் வெளியே உள்ள சாப்பாட்டுக் கடைக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் கிடைப்பது சொற்பம். ஹோட்டலின் சமையலறைக்கு மீன் கொட்பே கரையிலிருந்து வருகிறதா, தயிர் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறதா, அல்லது எல்லாமே கொழும்பிலிருந்து குளிரூட்டிய லொறியில் வருகிறதா என்பதைப் பொறுத்தே மாவட்டத்தின் பங்கு அமைகிறது.

விமான நிலையத்தைக் கட்டினால் விமானம் வரும் என்ற வாதத்துக்கு மத்தள போதுமான பதில். 209 மில்லியன் டொலர் செலவில், பெரும்பாலும் சீனக் கடனில், 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் 3,500 மீற்றர் ஓடுபாதை உண்டு. அங்கு எஞ்சியிருந்த பிளைடுபாய் சேவையும் 2018 இல் நின்று போயிற்று. கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், உக்ரேனியப் பயணிகள் வாடகை விமானத்தில் அங்கு இறங்கினர். 2022 டிசம்பரில் ரஷ்யாவின் ரெட் விங்ஸ் வந்தது. இரண்டுமே குளிர்கால விமானங்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எனினும் எதிர்மறை உதாரணங்களை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. கோவாவின் டபோலிம் விமான நிலையமும் சீனக்குடாவைப் போன்று படைத்தளமே, இந்தியக் கடற்படைக்குரியது. 1987 இல் கொண்டோரின் வாடகை விமானம் அங்கு இறங்கியது. படையினரின் பயிற்சி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பொது விமானங்கள் என்ற ஏற்பாட்டுடன் கோவா பல இலட்சம் பயணிகளைக் கண்டது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் தொடக்கத்திலேயே எழுந்தது. நீரும் நிலமும் பண்பாடும் பறிபோகும் என்ற அவர்களது அச்சம் முழுவதும் பொய்யாகவில்லை. ரூபிளின் மதிப்பு 2014 இல் சரிந்தபோது ரஷ்ய விமானங்கள் குறைந்து கோவாவும் தள்ளாடியது. ஆனால் உள்நாட்டு இந்தியப் பயணிகள் இருந்தபடியால் விழுந்துவிடவில்லை.

அப்படியாயின் நமது பருவத்துக்குப் பொருந்தும் பயணி யார்? ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாடசாலை விடுமுறையோடு கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் பிரான்ஸ், சுவிற்சர்லாந்து நாடுகளிலிருந்தும் பிள்ளைகளுடன் ஊர் திரும்பும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் முதலாவது. அவர்கள் வரும் மாதங்களே நிலாவெளியின் நல்ல மாதங்கள். அவர்களுக்கு வர ஐரோப்பியனுக்கு இல்லாத காரணமும் உண்டு. இரண்டாவது, வளைகுடா நாட்டுக் குடும்பங்கள். அங்கு வெப்பம் தாங்க முடியாத அதே மாதங்களில் அவர்கள் வெளிநாடு செல்கிறார்கள். ஹலால் உணவும், தொழுகைக்கு இடமும், குடும்பத்துக்கேற்ற ஒதுக்கமும் அவர்கள் தேடுபவை. முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் மாவட்டத்தில் இவற்றை விளம்பரத்துக்காக உருவாக்க வேண்டியதில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வளைகுடாவுக்கு உழைக்கச் சென்று அரபு மொழி பழகித் திரும்பியவர்கள் எத்தனை பேர்! அந்த அனுபவத்தை இதுவரை எவரும் ஒரு முதலாகக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. மூன்றாவது, சென்னையும் திருச்சியும். யாழ்ப்பாணத்துக்கு 2019 இல் சென்னையிலிருந்து சேவை தொடங்கப்பட்டது. அங்கு வருபவை சிறிய விமானங்களே. அத்தகையவற்றுக்குச் சீனக்குடாவின் இன்றைய நீளமே போதும். குடிவரவு, சுங்க அலுவலகங்களும் படையினரின் இணக்கமுமே தேவை.

கரையிலுள்ளவர்களின் நிலையையும் இத்துடன் பேசியாக வேண்டும். உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களே மீன்பிடியின் உச்ச மாதங்களும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களும் பரம்பரை பரம்பரையாக இங்கு வந்து வாடி அமைக்கிறார்கள். கரைவலை இழுக்கவும் தோணி ஏற்றவும் கருவாடு காயவிடவும் திறந்த கரை வேண்டும். 2004 சுனாமிக்குப் பின்னர் அரசு கரையோரத் தடைவலயத்தை அறிவித்தபோது தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று வகுத்தது. ஹோட்டல்களுக்கு இடமிருக்கிறது, குடிசைக்கு இல்லையா என்ற குரல் அப்போது எழுந்தது. 2009 இன் பின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது, தோணி விடும் இடங்கள் சுருங்கியதாக மீனவர்கள் முறையிட்டனர். குச்சவெளி வரை நீளும் கரையிலும் அதே வேலி எழுமானால், தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ, தோணி வைத்திருப்பவர் எவராயினும் ஒரே இடத்துக்குத்தான் தள்ளப்படுவர்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் ஒரே நாளில் அங்கு திரளும் கூட்டத்தின் கால்பட்டே ஆழமற்ற நீரிலுள்ள முருகைக்கற்கள் உடைந்துள்ளன. இன்று அங்கு செல்வோரிற் பெரும்பகுதியினர் பஸ்ஸிலும் வானிலும் வரும் உள்நாட்டுப் பயணிகள். நாளொன்றுக்கு எத்தனை படகு, எத்தனை பேர் என்ற வரம்பு அத்தீவில் இறுக்கமாக நடைமுறைக்கு வருவதற்குச் சீனக்குடாவில் விமானம் இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.