ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர்



மதுரை ஐகோர்ட் கிளையில் வக்கீலாக இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன், "சார், நம்ம ஆட்களில் முதன்முதலாக ஐகோர்ட் நீதிபதி ஆனது யார்?" என்று கேட்டிருந்தான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருவாரூர் முத்துசாமி ஐயர். 1832-ல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். கிராமக் கணக்கருக்கு எடுபிடி வேலை, மாதம் ஒரு ரூபாய் சம்பளம். தெருவிளக்கில் படித்தார் என்பார்கள். பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அந்த விளக்கு ஒன்று உண்டு, அதை விடுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தாருக்குத் தகவல். பார்த்துவர ஆள் தேடியபோது கையில் அகப்பட்டவன் இந்தப் பையன்தான். போனவன் உடைப்பின் அளவு, அடைக்க என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் விசாரித்து வந்து சொன்னானாம். அந்தத் தாசில்தார் பெயரும் முத்துசாமிதான், முத்துசாமி நாயக்கர். பையனைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் படிக்க அனுப்பினார். முதலில் நாகப்பட்டினம், பிறகு சென்னை.

தீப்பெட்டி ஒட்டப் போய், வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் மிஞ்சிய பிள்ளைகளை நம் பக்கத்தில் நிறையப் பார்த்தவன் நான். அபாயகரமான தொழில்களில் சிறுவர்களை வைக்கக்கூடாது என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு சொல்ல 1996 டிசம்பர் ஆகிவிட்டது. அதனால்தான் நாயக்கர் பெயரை அழுத்திச் சொல்கிறேன்.

1854-ல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு. ஒரு ரூபாய் வாங்கிய பையனுக்கு! 1856-ல் தரங்கம்பாடியில் முன்சீப். பிறகு டெபுடி கலெக்டர், சப் ஜட்ஜ், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். வேலையில் இருந்தபடியே பி.எல். முடித்தார். மாஜிஸ்திரேட்டாக இருக்கும்போது, ஓர் இந்தியப் பையனை அடித்ததாக ஐகோர்ட் வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் மீதே புகார் வந்தது. சம்மன் அனுப்பி மூன்று ரூபாய் அபராதம் போட்டார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். தொகை சின்னதுதான். ஆனால் கட்டியது யார் என்று பாருங்கள்.

1877-78-ல் அவரையே ஐகோர்ட் நீதிபதியாக நியமித்தபோது ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் குதித்தன. பதில் சொல்ல நம்மவர் கையில் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து'. ஜி.சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் எல்லாம் அந்த ஆறு பேரில் உண்டு.

1893-ல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.

சென்னை ஐகோர்ட்டில் அவருக்குப் பளிங்குச் சிலை உண்டு. உட்கார்ந்த நிலை, காலில் செருப்பு கிடையாது. அங்கே போகிற பிள்ளைகள் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கப்பா.