காஞ்சியின் நான்கு சீன எழுத்துகள்

சீன மொழியில் காஞ்சிபுரத்தின் பழம்பெயருக்கு நான்கு எழுத்துகள். இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் அவை ஜியான், ஜி, பூ, லுவோ. ஒவ்வொன்றுக்கும் பொருள் பார்த்தால் முதலாவது 'கட்டியெழுப்பு', இரண்டாவது 'மன உறுதி', மூன்றாவது 'ஒட்டுப்போடு'. நான்காவதற்கு வலை என்றும், சல்லாவாக நெய்த மெல்லிய பட்டு என்றும் பொருள். பட்டு நெய்யும் ஊரின் பெயருக்குள் பட்டு வந்து அமர்ந்தது தற்செயல்தான். பெயரை எழுதியவர் பொருளைக் கருதி எழுத்துகளைத் தேடவில்லை. காதில் விழுந்த ஒலிக்கு நெருக்கமானவற்றை எடுத்தார். அந்த ஒலி பல்லவர் தலைநகரிலிருந்து புறப்பட்டுக் கணினியின் விசைப்பலகை வரை வந்த கதை இது.

சீனத்துக்கும் காஞ்சிக்கும் வழி அந்தப் பெயர் எழுதப்படும் முன்பே திறந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய ஹான் வரலாற்று நூல், தென்கடலுக்கு அப்பால் 'ஹுவாங்ஜி' என்ற நாட்டைக் குறிப்பிடுகிறது. அது காஞ்சியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சீனத் தூதர்கள் பொன்னும் பலவகைப் பட்டும் ஏற்றிக்கொண்டு கடல்வழி போய், முத்தும் மணிக்கற்களும் வாங்கி வந்தார்கள் என்கிறது அந்நூல்.

நான்கு எழுத்துப் பெயரை நமக்குத் தந்தவர் சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங். முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில், ஏறத்தாழ 640-இல் அவர் காஞ்சிக்கு வந்தார். 645-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே அவர் சொல்லச் சொல்ல, சீடர் பியான்ஜி தொகுத்த பயண நூல் தாங் பேரரசரிடம் போய்ச் சேர்ந்தது. திராவிட நாடு, அதன் தலைநகர் காஞ்சி, நகரின் சுற்றளவு சீன அளவில் 30 லி, நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் என்னும் பௌத்த மடங்கள், பதினாயிரம் பிக்குகள், எண்பது தேவாலயங்கள், திரளான சமணர்கள் என்று எல்லாம் அதில் பதிவாயின. நாலந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் பிறந்த ஊர் இது என்பதையும் எழுதினார். இவ்வூராரின் மொழியும் எழுத்தும் மத்திய இந்தியாவினின்று சிறிது வேறுபடுவதாக ஒரு வரி சேர்த்தார். போகிற ஊரிலெல்லாம் பேச்சைக் கூர்ந்து கேட்டவர் அவர்.

எந்தச் சொல்லை மொழிபெயர்க்கலாம், எதை ஒலியாகவே விட வேண்டும் என்பதற்கு ஐந்து விதிகள் அவர் பெயரால் வழங்குகின்றன. ஊர்ப்பெயர், ஆள்பெயர், மந்திரம் ஆகியவற்றுக்கு ஒலிதான் உயிர் என்று பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் கருதினார்கள். இன்ன வடமொழி அசைக்கு இன்ன சீன எழுத்து என்ற ஒரு வழக்கத்தையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தார்கள். சீனத்தில் அன்று ரகர ஒலி இல்லாததால் 'ர' வரும் இடத்தில் 'ல' ஒலியுள்ள எழுத்து நின்றது. 'புர' என்பது 'புல' ஆனது அப்படித்தான். 720-இல் ராஜசிம்மன், அதாவது காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிம்மவர்மன், தாங் அரசவைக்குத் தூது அனுப்பினான். அவனுடைய நீண்ட பெயரும் அசை அசையாக இதே முறையில்தான் சீன ஏட்டில் ஏறியது.

அப்படியென்றால் 'காஞ்சி' எப்படி 'ஜியான் ஜி' ஆனது? யுவான் சுவாங் தவறாகக் கேட்கவில்லை. தாங் காலத்தில் அந்த முதலெழுத்தின் தொடக்கம் ககரம். ஏறத்தாழ 'கொன்' என்று ஒலித்தது. ஜப்பானியர் அதே எழுத்தை இன்றும் 'கென்' என்றுதான் படிக்கிறார்கள், கான்டன் மொழியினர் 'கின்' என்கிறார்கள். அன்றைய ஒலியில் சேர்த்துப் படித்தால் 'கொன்-சி-பு-ல'. காஞ்சிபுரத்தின் தெருவில் ஒருவர் அப்படிச் சொன்னாலும் நமக்குப் புரிந்திருக்கும். பின்வந்த நூற்றாண்டுகளில் வடசீனப் பேச்சில் இகரத்துக்கு முன் நின்ற ககரம் ஜகரமாக நெகிழ்ந்தது. எழுத்து அப்படியே நின்றது. அதன் ஒலி மட்டும் நகர்ந்துபோனது.

பெயரின் அடுத்த பெரிய திருப்பம் 1958. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையை அந்த ஆண்டு பிப்ரவரியில் சீன மக்கள் பேரவை ஏற்றது. அதை உருவாக்கிய குழுவில் முன்நின்றவர் சோ யூகுவாங். 1906-இல் பிறந்து 2017 வரை வாழ்ந்தார். குழந்தைகளுக்கு எழுத்தறிவும் பொது உச்சரிப்பும் கற்பிக்கவே பின்யின் வந்தது. கணினி வந்தபோது அதுவே கைகொடுத்தது.

1980-இல் சீன அரசு வகுத்த கணினிக் குறியேற்றத்தில் மட்டும் 6,763 சீன எழுத்துகள். விசைப்பலகையில் இருப்பதோ 26 ரோமன் எழுத்துகள். 1983-இல் வாங் யோங்மின் கொண்டுவந்த வூபி முறை, எழுத்தின் வடிவத்தை உறுப்புகளாகப் பிரித்துத் தட்டச் சொன்னது. பழகியவர் அதில் மிக வேகமாக எழுதினார்கள், ஆனால் பழகுவது கடினம். பின்யினைப் பள்ளியிலேயே படித்திருந்ததால் பெரும்பாலோர் ஒலிவழியையே பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடாவிட்டால் சீனத்தில் இருப்பவை சுமார் 400 அசைகள்தான். 'பூ' என்று தட்டினால் 'இல்லை', 'துணி', 'நடையடி', 'ஒட்டுப்போடு' என எழுத்துகள் வரிசையில் வந்து நிற்கும். எழுதுபவர் எண்ணை அழுத்தி ஒன்றைப் பொறுக்க வேண்டும். காஞ்சியின் பெயரை எழுத இப்படி நான்கு முறை பொறுக்கலாம். அன்று யுவான் சுவாங் செய்த தேர்வு, இன்று தட்டுபவரின் விரல் நுனியில் திரும்ப நடக்கிறது.

ஒலியைத் தட்டி எழுத்தைப் பெறும் இந்த வேலையை உரைதிருத்திக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் சுகுபா நகர் மின்னணு ஆய்வகத்தில் இருந்த கெனிச்சி ஹண்டா. ஈமேக்ஸ் என்ற உரைதிருத்தியில் பல மொழிகளும் ஒரே பக்கத்தில் எழுத அவரும் தோழர்களும் 'மியூல்' என்ற விரிவாக்கத்தை எழுதினார்கள். 1997-இல் வந்த ஈமேக்ஸின் இருபதாம் பதிப்பில் அது ஒன்றாகக் கலந்தது. அதன் உள்ளீட்டுப் பொறியின் அடிப்படை எளியது. இன்ன விசைவரிசைக்கு இன்ன எழுத்து என்று ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைப் பொறி பார்த்துக்கொள்ளும். பின்யின் அட்டவணை கொடுத்தால் சீனம் எழுதும். தாய்ச்சி கவபத்தா இந்திய மொழிகளுக்கு எழுதிய அட்டவணையைக் கொடுத்தால் கே, ஏ, ஏ என்று தட்டியதும் 'கா' வந்து நிற்கும். பௌத்தத் துறவிகள் கையில் வைத்திருந்ததும் அசைக்கு எழுத்து என்ற இதே அட்டவணைதான்.

தமிழர் தாங்களாகவே இந்த வழியை முன்னமே கண்டிருந்தார்கள். கனடாவில் கே. சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' இரண்டும் புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் பிறந்த முயற்சிகள். முரசின் அஞ்சல் விசைமுறையில் ரோமன் எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். ல-ள, ர-ற போன்ற இணைகளைச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் பிரித்துக் காட்டும். சீனத்தைப் போல வரிசையிலிருந்து பொறுக்கும் வேலை தமிழுக்கு இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை இன்னும் ஒரு படி உள்ளே போனது. ரோமன் எழுத்தே தேவையில்லை. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். காஞ்சி என்று எழுத க, ஆ, ஞ, ச, இ என ஐந்து விசைகள் போதும். ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்தால் நடுவில் புள்ளி தானாக விழும், ஏனென்றால் ஞகரமும் சகரமும் இனவெழுத்துகள். நம் இலக்கணம் எப்போதோ வகுத்த அந்த உறவை விசைப்பலகை அறிந்திருக்கிறது. நல்ல விசைமுறை எதுவாயினும் அதன் பின்னால் மொழியைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவர் இருப்பார் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை. நம் பிள்ளைகள் ரோமன் எழுத்து வழியாகத் தமிழுக்குள் வருவதில் தவறில்லை. ஆனால் தமிழ்99-ஐயும் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். தட்டத் தட்ட இலக்கணம் விரலில் ஏறும். பின்யினிலேயே தட்டிப் பழகிய சீனர் பலருக்குக் கையால் எழுதும்போது எழுத்தின் வடிவம் மறந்துபோகிறது என்ற கவலை அங்கே பெரிதாகப் பேசப்படுகிறது. அது நமக்கும் எச்சரிக்கை.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில், தைவானைச் சேர்ந்த ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. அந்தக் கைபேசிக்குள் பின்யினும் இருக்கிறது, அஞ்சலும் தமிழ்99-உம் இருக்கின்றன. யுவான் சுவாங் எழுதிய நான்கு எழுத்துகளை அவர் வந்து போன மண்ணிலிருந்தே தட்டி அனுப்பலாம்.

செய்ய வேண்டியது இன்னும் உண்டு. மதுரை, கும்பகோணம் முதல் காஞ்சி வரை பட்டு நெசவோடு பிணைந்த சௌராஷ்டிரர்களின் எழுத்துக்கு 2008-இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. எழுத்துக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தறி ஓடும் வீட்டில் பேசுகிற பேச்சு இயல்பாகத் தட்டெழுத்தில் வர வேண்டும். அதற்கான அட்டவணைகள் யாரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய சாதாரண உரைக் கோப்புகள்தாம். எங்கிருந்தோ வந்த ஒரு துறவி நம் ஊரின் பெயரைக் கேட்டு எழுதிப் போனார். பக்கத்து வீட்டின் மொழியைக் கேட்டு எழுத, நம் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் முன்வர வேண்டும்.