ஜார்ஜ் டவுன்: கட்டடக் காப்பும் தொழிற்காப்பும்

ஒரு நகரம் தன் பழைய கடைத்தெருக்களைக் காக்க முனையும்போது, காக்கப்பட வேண்டியது கட்டடமா, அதனுள் நிகழும் தொழிலா? பினாங்குத் தலைநகரின் அண்மை வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

போருக்கு முன் எழுந்த கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரம்புக்குள் நிறுத்தியது. குடியிருப்போரைக் காப்பதே அதன் நோக்கம்; ஆயினும் பொற்கொல்லர், தையற்காரர், மளிகை வணிகர் முதலிய சிறுதொழிலர் நகரின் நடுவே நிலைத்திருக்க அதுவே துணைநின்றது. வாடகை குறைவாயிருந்ததால் உரிமையாளர் பலர் பழுதுபார்க்காது விட்டதும் உண்மையே.

1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இடைக்காலம் முடிந்து 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் உயர்ந்தன; கடைகள் பல மூடப்பட்டன; குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கூரையும் முகப்பும் காவல் பெற்றன. கடைக்காரரின் வாடகை பெறவில்லை.

மொழி பயில்வோர்க்கும் இதில் பங்குண்டு. தொழிற்சொற்கள் தொழிலிடத்திலேயே உயிர்வாழ்கின்றன. நகரத்தார் பலர் ஒரே கூரையின்கீழ்ப் பெட்டகம் வைத்து வட்டித்தொழில் நடத்திய இடம் 'கிட்டங்கி'. வேறு காரணங்களால் அத்தொழில் ஒடுங்கியபின், அச்சொல் பெரும்பாலும் கட்டடப் பெயராகவே எஞ்சியது. பொற்கொல்லரின் பட்டறைச் சொற்களுக்கும் அந்நிலை நேரலாம்.

ஆகவே, மரபுக் கொள்கை முகப்பின் வண்ணத்தை வரையறுப்பதோடு நில்லாது, தொழில் செய்வோர் தாங்கத்தக்க வாடகையையும் எண்ண வேண்டும் என்பதே நம் துணிபு. சுவர் விழுந்தால் மீண்டும் எழுப்பலாம். கைவிட்டுப்போன தொழிலை எழுப்புதல் அரிது.