பிரித்தானியத் தேசியத் தாவர வகைப்பாடு

பிரித்தானியத் தேசியத் தாவர வகைப்பாடு என்பது அந்நாட்டின் தாவரச் சமுதாயங்களைக் களத்தில் இனங்காணும் முறையாகும். இப்பணி 1975 இல் தொடங்கியது. ஜான் ராட்வெல் பதிப்பித்த முடிவுகள் 1991 முதல் 2000 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன.

கள முறை

முதலில் சீரான தாவரப் பரப்பு கண்ணால் தெரிவு செய்யப்படும். இரு சமுதாயங்களின் எல்லை தவிர்க்கப்படும். எல்லையில் எடுத்த பட்டியல் எவ்வகையுடனும் பொருந்தாது. பின்னர் வழக்கமாக ஐந்து சதுரங்கள் அமைக்கப்படும். குட்டைப் புல்வெளியில் ஒவ்வொன்றும் 2 × 2 மீட்டர் அளவுடையது. பாசிகள் உட்பட ஒவ்வோர் இனமும் மூடும் பரப்பு, பத்துப் படிகள் கொண்ட டோமின் அளவுகோலால் மதிப்பிடப்படும்.

வகைப்படுத்தல்

60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சதுரங்களில் காணப்படுபவை மாறா இனங்கள் எனப்படும். அரிய தாவரம் ஒன்று அன்றி, இனங்களின் சேர்க்கையே சமுதாயத்தைத் தீர்மானிக்கிறது. பாதுகாக்கவேண்டிய இடங்களைத் தெரிவு செய்ய இவ்வகைப்பாடு பயன்படுவதால், சதுரத்தை எங்கு வைப்பது என்பதே முதன்மையான பயிற்சியாகும்.