தேசபக்தன் (ராபர்ட் பிரௌனிங் கவிதை)

'தேசபக்தன்' என்பது விக்டோரியா காலத்து ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் (1812–1889) எழுதிய நாடகத் தனிமொழிக் கவிதை. 1855இல் வெளிவந்த 'ஆண்களும் பெண்களும்' என்ற இரண்டு தொகுதி நூலில் இடம்பெற்றது. 'ஒரு பழைய கதை' என்பது இதன் துணைத்தலைப்பு. நகரமே திரண்டு வரவேற்ற தலைவன் ஒருவன், சரியாக ஓராண்டு கழித்து அதே தெருக்களின் வழியே கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். போகிற வழியில் அவன் பேசுவதாகக் கவிதை அமைந்துள்ளது. மக்கள் ஆதரவின் நிலையாமையைப் பற்றிய ஆங்கிலக் கவிதைகளில் பரவலாகப் படிக்கப்படுபவற்றுள் இது ஒன்று. தலைவனின் பெயரையோ, அவன் செய்த குற்றத்தையோ கவிதை எங்கும் சொல்வதில்லை.

பின்னணி

பிரௌனிங் 1846 செப்டம்பர் 12 அன்று கவிஞர் எலிசபெத் பாரெட்டை மணந்து இத்தாலிக்குப் போனார். 1847 முதல் 1861இல் எலிசபெத் இறக்கும்வரை பிளாரன்ஸ் நகரின் காசா குயிதி என்ற மாளிகையின் ஒரு பகுதியே அவர்கள் வீடு. அன்றைய இத்தாலி பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. வடக்கே லொம்பார்டியும் வெனிஸும் ஆஸ்திரியாவின் நேரடி ஆட்சியில் இருந்தன.

தம்பதியின் முதல் திருமண நாளன்று பிளாரன்ஸ் விழாக்கோலம் பூண்டிருந்தது. குடிமக்கள் காவல்படை அமைக்க டஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்டு இசைந்ததற்கு நன்றி சொல்ல மக்கள் ஊர்வலமாக பிட்டி அரண்மனைக்குத் திரண்டனர். அரண்மனைக்கு எதிரிலேயே இருந்த தங்கள் வீட்டுச் சன்னல்களிலிருந்து இருவரும் அதைப் பார்த்தார்கள். 1849 தொடக்கத்தில் அதே லியோபோல்டு நகரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மே மாதம் ஆஸ்திரியப் படை பிளாரன்ஸுக்குள் நுழைந்தது; அதன் பாதுகாப்பில் அவர் திரும்பி வந்தார். எலிசபெத்தின் 'காசா குயிதிச் சன்னல்கள்' (1851) என்ற நெடுங்கவிதையின் முதற்பகுதி அந்த ஊர்வலத்தின் நம்பிக்கையையும், இரண்டாம் பகுதி அதன் சரிவையும் பாடுகிறது. ரோமில் ஒன்பதாம் பயஸ் போப்பும் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டார். 1846இல் சீர்திருத்தவாதி எனக் கொண்டாடப்பட்ட அவர், 1848 நவம்பரில் ரோமிலிருந்து தப்பியோட நேர்ந்தது.

'தேசபக்தன்' இந்த நிகழ்ச்சிகளில் எதையும் நேரடியாகச் சொல்லும் கவிதை அல்ல. ஆனால் வாழ்த்திய வாயே தூற்றுவதை ஓரிரு ஆண்டு இடைவெளியில் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதியது.

உள்ளடக்கம்

முதற் பத்தியில் தலைவன் சென்ற ஆண்டின் இதே நாளை நினைவுகூர்கிறான். வழி நெடுக ரோஜாவும் மிர்ட்டில் தழையும் இறைந்து கிடந்தன. வீட்டுக் கூரைகள் ஆட்களின் பாரத்தால் அசைவது போலத் தோன்றின. தேவாலயக் கோபுரங்கள் கொடிகளால் தீப்பற்றியவை போல ஒளிர்ந்தன. பண்டைய ரோமில் சிறு வெற்றி விழாவுக்கு உரிய தளபதி சூடியது மிர்ட்டில் மாலை. ஆகவே முதல் வரிகளிலேயே வெற்றி ஊர்வலத்தின் சாயல் வந்துவிடுகிறது. இரண்டாம் பத்தியில் மணியோசையும் கூச்சலும் மிகுகின்றன. வானத்துச் சூரியனைக் கேட்டிருந்தால்கூட, தந்துவிட்டு 'இன்னும் என்ன வேண்டும்' என்று அந்தக் கூட்டம் கேட்டிருக்கும் என்கிறான்.

மூன்றாம் பத்தி கவிதையின் திருப்புமுனை. சூரியனை நோக்கிப் பாய்ந்தவன் தானே, அதுவும் தன் அன்பர்களுக்குக் கொடுப்பதற்காக, என்கிறான். மனிதனால் ஆகக்கூடியது எதையும் தான் செய்யாமல் விட்டதில்லை என்றும், அதற்குக் கிடைத்த அறுவடை இதுதான் என்றும் சொல்கிறான். சூரியனை நெருங்கியதால் இறகுகளை ஒட்டியிருந்த மெழுகு உருகி விழுந்த கிரேக்கப் புராணத்து இக்காரஸை இவ்வரிகள் நினைவூட்டுவதாக உரையாளர்கள் கூறுவர்.

அடுத்த இரு பத்திகளில் இன்றைய காட்சி. கூரைகளில் ஆளில்லை. நடக்க இயலாத சிலர் மட்டும் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள். மற்ற எல்லோரும் கசாப்புக்கடைகள் இருக்கும் வாயிலுக்கோ, இன்னும் நல்ல இடமாகத் தூக்குமேடையின் அடிக்கோ முந்திப் போய்விட்டார்கள். மழை பெய்கிறது. பின்னால் சேர்த்துக் கட்டிய கயிறு மணிக்கட்டுகளை அறுக்கிறது. யார் வேண்டுமானாலும் கல்லெறிகிறார்கள். நெற்றியில் இரத்தம் வழிவதை அவன் உறுதியாகச் சொல்வதில்லை. உணர்ச்சியை வைத்து ஊகிக்கிறான். கை கட்டப்பட்டவனால் தொட்டுப் பார்க்க முடியாது.

இறுதிப் பத்தியில் அவன் குரல் அமைதியடைகிறது. வெற்றி ஊர்வலத்தின் நடுவிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு; அவர்கள் உலகத்திடம் கூலி வாங்கிவிட்டதால், 'எனக்கு நீ என்ன கடன்பட்டிருக்கிறாய்' என்று இறைவன் அவர்களைக் கேட்கக்கூடும். தனக்கு உலகம் எதுவும் தரவில்லை. ஆகவே தருவது இறைவன் பொறுப்பு, தன் நிலைதான் பாதுகாப்பானது என்று முடிக்கிறான். மனிதர் காண நற்செயல் புரிவோர் தம் பலனை இங்கேயே பெற்றுவிட்டனர் என்ற மலைப்பிரசங்கக் கருத்தை இது ஒட்டியது.

வடிவம்

கவிதை ஐந்தடிப் பத்திகள் ஆறு கொண்டது. மொத்தம் 30 அடிகள். ஒவ்வொரு பத்தியிலும் ஒன்று, மூன்று, ஐந்தாம் அடிகள் ஓர் இயைபிலும், இரண்டு, நான்காம் அடிகள் மற்றோர் இயைபிலும் முடிகின்றன. முதற்பாதி உயர்வு, பிற்பாதி வீழ்ச்சி. 'இதே நாள்' என்ற குறிப்பு முதற் பத்தியின் கடைசி அடியிலும் மூன்றாம் பத்தியின் கடைசி அடியிலும் வந்து இரண்டு ஊர்வலங்களையும் ஒரே தேதியில் பிணைக்கிறது. வரவேற்பைப் பாடும் துள்ளலான சந்தம் கொலைக்களப் பயணத்திலும் மாறுவதில்லை.

தலைவன் யார்?

கவிதை முதலில் அச்சானபோது வட இத்தாலிய நகரான பிரேசியாவின் பெயர் அதில் இருந்தது. அதனால் வாசகர்கள் பிரேசியாவின் ஆர்னால்டை நினைத்தனர். திருச்சபையின் சொத்தையும் அதிகாரத்தையும் எதிர்த்து ரோமில் மக்களாட்சிக்குத் துணைநின்ற இத்துறவி 1155இல் தூக்கிலிடப்பட்டார். உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் டைபர் ஆற்றில் கரைக்கப்பட்டது. பிரேசியாவுக்கு அண்மைக்கால நினைவும் உண்டு: 1849 மார்ச்சில் ஆஸ்திரியருக்கு எதிராக எழுந்து பத்து நாள் தாக்குப்பிடித்த நகரம் அது. பின்வந்த பதிப்புகளில் பிரௌனிங் ஊர்ப்பெயரை நீக்கிவிட்டார்.

கதைப்போக்கில் இன்னும் நெருக்கமானவர் கோலா தி ரியென்சோ. ரோமின் மக்கள் தலைவராக உயர்ந்து வீழ்ந்த அவர், 1354 ஆகஸ்டில் மீண்டும் ஆரவார வரவேற்புடன் நகருக்குள் வந்தார்; அக்டோபரில் அதே நகரின் கும்பலால் கொல்லப்பட்டார். மலர் தூவிய நுழைவு, காயம்பட்ட நெற்றி, கொலைக்களம் ஆகியவை இயேசுவின் எருசலேம் நுழைவையும் சிலுவைப்பாட்டையும் எதிரொலிக்கின்றன. ஊர்ப்பெயர் போனபின் கவிதை இவர்களில் எவருக்கும் தனியுரிமை ஆகாமல், துணைத்தலைப்பு சொல்வது போலப் பழைய கதையாகவே நிற்கிறது.

பொருள்கோள்

நன்றிகெட்ட கூட்டத்துக்கும் குற்றமற்ற தியாகிக்கும் இடையிலான கதையாகவே இக்கவிதை பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அந்த ஓராண்டில் நடந்தது என்ன என்பதற்குக் கவிதையில் சான்றே இல்லை. செய்யாமல் விட்டது எதுவுமில்லை என்பது அவன் வாக்குமூலம். ஓராண்டுத் தீச்செயல்களுக்காகக் கல்லெறிகிறார்கள் என்பதும் அவன் வாயால் வருவதே. அந்தச் சொல்லைக் கூட்டத்தின் குற்றச்சாட்டாக ஏளனத்தோடு திருப்பிச் சொல்கிறானா, ஒரு பகுதியையேனும் ஒப்புக்கொள்கிறானா என்பது தெளிவாவதில்லை. பேசுபவனின் சொல்லை மட்டும் வைத்து அவனை எடைபோடும் பொறுப்பை வாசகரிடம் விடுவது பிரௌனிங்கின் தனிமொழிகளுக்குப் பொதுவான இயல்பு. இங்கே அது கூடுதல் அழுத்தம் பெறுகிறது: விசாரிக்காமல் அவனைப் போற்றிய கூட்டம் விசாரிக்காமல் தூற்றியது, சான்றில்லாமல் அவனைத் தியாகி என்று தீர்ப்பளிக்கும் வாசகரும் அதே அவசரத்துக்கு உள்ளாகிறார். அவன் கடைசியில் மேல்முறையீடு செய்வது மக்களிடம் அல்ல, இறைவனிடம் என்பதும் இதனால் பொருள் பெறுகிறது.

'தொலைந்த தலைவன்'

பிரௌனிங் 1845இல் வெளியிட்ட 'தொலைந்த தலைவன்' இதற்கு மறுபக்கம். அங்கே பேசுவது தொண்டர்கள், கைவிட்டவன் தலைவன். பணத்துக்கும் பட்டத்துக்கும் ஆசைப்பட்டு அணிமாறியதாக அவனைச் சாடுகிறார்கள். இளமையில் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து, பின் பழைமைவாதியாகி, 1843இல் அரசவைக் கவிஞர் பதவியை ஏற்ற வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தே இதற்கு முன்மாதிரி. அவரைத் தாம் ஓரளவு மாதிரியாகக் கொண்டதைப் பிரௌனிங் 1875ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டு, இளமைத் துடுக்கு என வருந்தினார். முந்தைய கவிதையில் தொண்டர்களின் தரப்பையும் பிந்தையதில் தலைவனின் தரப்பையும் மட்டுமே கேட்கிறோம். இரண்டிலும் எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பில்லை.

வரவேற்பு

'ஆண்களும் பெண்களும்' வெளிவந்தபோது அதிகம் விற்கவில்லை. புரியவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் அதே குறையைக் கடிதத்தில் எழுதினார். பின்னர் வந்த கவிதைத் திரட்டில் பிரௌனிங் இக்கவிதையை 'நாடகப் புனைகதைகள்' என்ற பிரிவுக்கு மாற்றினார். 'மோதிரமும் நூலும்' (1868–69) வெளிவந்த பிறகே அவருக்குப் பரவலான புகழ் கிடைத்தது. 1881இல் லண்டனில் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தோன்றியது. 'தேசபக்தன்' கவிதையின் முதல் அடியில் வரும் 'வழி நெடுக ரோஜா' என்ற தொடர், தடையற்ற வெற்றிப் பாதையைக் குறிக்கும் வழக்காக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. இந்தியப் பள்ளி ஆங்கிலப் பாடநூல்களிலும் கவிதை இடம்பெற்றுள்ளது.