வேப்பிலை செருகிய வாசல்

சமயபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், கூடப் பிறந்தவளே ஆனாலும் திண்ணையில் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே தாளிப்புக்கூடக் கிடையாது. சமயபுரத்து அம்மனே மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம்தான் நைவேத்தியம். அந்த வேப்பிலைக் கட்டுப்பாட்டை மூடநம்பிக்கை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது நோயை வாசலிலேயே நிறுத்தியது.

பெரியம்மைக்குத் தடுப்பூசியாக அம்மை குத்துவது இந்தியாவுக்கு வந்தது 1802-இல். பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் குத்தினார்கள். அந்தக் காலத்தில் ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்த அம்மைப்பாலை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். பிறகு கன்றுக்குட்டியில் வளர்த்த அம்மைப்பால் வந்தது. 1899-இல் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கியதே அதைத் தயாரிக்கத்தான். குத்திய புண்ணில் உயிருள்ள கிருமி இருக்கும். அது தோலில் கரப்பான் உள்ளவர்மேல் பட்டால் ஆபத்து. 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பெரியம்மை போனாலும், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகள் இன்னும் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுக்குக் கீமோ நடக்கிறது. அவள் மகள் போனில் கேட்டாள்: "சித்தி, பாப்பாவுக்குப் போன வாரம்தான் தடுப்பூசி போட்டோம். அம்மாவைப் பார்க்கக் கூட்டிட்டு வரலாமா?"

எதைப் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். தட்டம்மைக்கான மீசல்ஸ்-ரூபெல்லா ஊசி மருந்து குழந்தையிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளின் கிருமி சில நாள் முதல் சில வாரம்வரை மலத்தில் வெளியேறும். ஆகவே குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதும் துணி மாற்றுவதும் நோயாளியின் வேலையாகக் கூடாது. மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சின்னம்மை ஊசிக்குப் பின் தடிப்பு வந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கமே வேண்டாம். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பின் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் என்பதையும் அக்கா மகளுக்குச் சொன்னேன்.

தாய்மார்களே, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நிஜத் தட்டம்மை அந்த வீட்டுக்குள் போனால் கீமோ எடுப்பவரின் உயிருக்கே ஆபத்து. கிளம்புமுன் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.